தேர்வடம் பிடித்த கைகள் தளரும்போது

பாரிஸ் மாநகரில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம் 1985ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அக்காலத்தில் லாச்சப்பல் வீதிகளில் நடமாடிய இலங்கைத் தமிழருள் பெரும்பாலோர் இளைஞர். 1983 இனக்கலவரத்தின்பின் அகதிகளாய் வந்து, உணவகங்களில் பாத்திரம் கழுவி, ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். அன்று 25 வயதாயிருந்தவர் இன்று 65ஐ எட்டிவிட்டார். தேர்வடம் பிடித்த கைகள் தளரத் தொடங்கிவிட்டன. அக்கைகளைத் தாங்கப்போவது யார் என்பதே சைவப் பெருமக்கள் இன்று சிந்திக்கவேண்டிய வினாவாகும்.

பெற்றோரை முதியோர் இல்லத்தில் விடுவது தமிழர் பண்பன்று என்பர் பலர். நல்ல எண்ணமே. ஆயினும் நடைமுறை வேறாயிருக்கின்றது. கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடு, இரண்டே அறைகள், லிப்ற் இல்லாத நான்காம் மாடி. ஒருநாள் தாயார் விழுந்து இடுப்பெலும்பு முறிகின்றது. அல்லது தந்தையாரைப் பாரிசவாதம் தாக்குகின்றது. சில வாரங்களில், இவரை எங்கே அனுப்புவது என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்கள். அன்றுதான் குடும்பத்தவர் இதுபற்றி முதன்முறையாகப் பேசத் தொடங்குவர். பிள்ளைகளின்றித் தனியறையில் வாழ்வோரின் நிலை இதனினும் பரிதாபமானது.

தனிமையின் கொடுமையைப் பிரான்ஸ் 2003 ஆகஸ்ட் மாத வெப்பத்தில் கண்டது. ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர், பெரும்பாலோர் முதியோர். உரிமைகோர எவரும் வராத 57 பேரின் உடல்கள் செப்டெம்பர் 3ஆம் நாள் தியே இடுகாட்டில், ஜனாதிபதி சிராக் முன்னிலையில் அடக்கஞ் செய்யப்பெற்றன. அதன்பின் நகரசபைகள் முதியோர் பதிவேடு வைக்கலாயின; பாரிஸில் அதன் பெயர் 'ரெஃப்ளெக்ஸ்'. முதியவரோ அவர் பொருட்டு வேறெவரேனுமோ கேட்டுப் பதிந்தாலன்றி அதில் பெயர் சேராது.

அரச உதவிகள் இல்லாமலில்லை. 2002 முதல் நடைமுறையிலுள்ள 'ஆப்பா' உதவி, 60 வயது கடந்து பிறர் துணையின்றி இயங்க முடியாதோரின் பராமரிப்புச் செலவில் பங்கேற்கின்றது. அப்பணம் இறந்தபின் சொத்திலிருந்து மீளப் பெறப்படுவதில்லை. ஓரளவு நடமாடக்கூடியோர் தத்தம் அறையில் சுதந்திரமாய் வாழ 'ரெசிடான்ஸ் ஓத்தோனோமி' உண்டு. முழுப் பராமரிப்பு வேண்டுவோர்க்கு 'எப்பாட்' இல்லங்கள் உண்டு. பராமரிப்பவர் சற்று இளைப்பாற, முதியவரைச் சில வாரங்கள் மட்டும் தங்கவைக்கும் ஏற்பாடும் உண்டு. குறைந்த வருமானமுள்ள முதியோர்க்கான 'அஸ்பா' பெறுவோர், ஆண்டில் ஒன்பது மாதத்திற்கு மேல் பிரான்சில் வாழவேண்டுமென்பது 2023 செப்டெம்பர் முதல் விதி. யாழ்ப்பாணம் சென்று நீண்டகாலம் தங்குவோர் இதனை அறிந்திருத்தல் நன்று.

ஆனால் அரசு தரமுடியாத ஒன்றுண்டு. மறதிநோய் கண்டோர் பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கே திரும்புதல் வழக்கம். பிரெஞ்சு போய்விடும், தமிழ் மட்டும் எஞ்சும். அவ்வேளை சூழவிருப்போருள் தமிழறிந்தார் ஒருவரும் இல்லையெனில் பசியையும் வலியையும் பயத்தையும் எவரிடம் சொல்வது? மரக்கறி உணவு மட்டுமே உண்டவர் தட்டில் இறைச்சி வைத்தால் மறுக்கும் வழியேது?

ஆகவே முதல் வேலை இல்லம் கட்டுவதன்று. அதற்கு அரச அனுமதியும் பெருமுதலும் வேண்டும். படிவம் நிரப்ப, வைத்தியரிடம் மொழிபெயர்க்க, வாரம் ஒருமுறை முதியோரிடம் சென்று தமிழில் பேசித் திருநீறு பூசிவிட இருபது தொண்டர் போதும். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் ஆலயத்தைச் சார்ந்து ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார், ஆலயத் தொண்டும் மக்கள் தொண்டும் வேறல்ல என்பதை வாழ்ந்து காட்டினார். அவ்வழி பாரிஸிலும் செல்லுபடியாகும்.

குடும்பங்களும் தம் பங்கைச் செய்தல் வேண்டும். எங்கே வாழ விருப்பம், எவர் பொறுப்பு, பத்திரங்கள் எங்கேயுள்ளன என்பனவற்றைப் பெற்றோர் நல்ல நினைவோடிருக்கும்போதே கேட்டறிதல் அவமதிப்பன்று. அவர்கள் பேசமுடியாத நாளில், அவர்களுக்காகப் பேச எவரேனும் இருக்கவேண்டுமல்லவா?