வீட்டுத் தண்ணீர்த் தாங்கி ஒழுகுகிறதா?



காலையில் மோட்டரைப் போட்டுத் தாங்கியை நிரப்பி வைக்கிறீர்கள். பகற்சாப்பாட்டுக்கு முன்பே குழாயில் தண்ணீர் மெலிந்துவிடுகிறது. "இன்றைக்கு உடுப்புக் கழுவினோம், அதுதான்" என்று மறுபடியும் மோட்டரைப் போடுகிறீர்கள். மறுநாளும் அப்படியே. உடுப்புக் கழுவாத நாளிலும் அப்படியே. அப்படியானால் அது செலவு அல்ல, ஒழுக்கு. வீட்டில் இதை முதலில் உணர்பவர் நீங்கள்தான். கரண்ட் பில் வந்த பிறகுதான் ஆண்களுக்குத் தெரியவரும்.

"சொட்டுத் தண்ணீர்தானே, போனால் போகட்டும்" என்பவர்களுக்காக ஒரு சிறு கணக்கு. நொடிக்கு ஒரு சொட்டு விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86,400 நொடிகள். சுமார் 20 சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். அதன்படி ஒரு நாளைக்கு 4 லீற்றருக்கும் மேல், மாதத்துக்கு ஏறக்குறைய 130 லீற்றர், வருடத்துக்கு 1,500 லீற்றருக்கும் மேல் போய்விடும். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழுச் செய்தார்கள் என்று ஸஹீஹான ஹதீஸில் வந்திருக்கிறது. ஒரு முத்து என்பது முக்கால் லீற்றர்கூட இல்லை. ஐந்து வேளை வுழுவுக்கும் போதுமான தண்ணீர், யார் கையிலும் படாமல் ஒரு நாளில் சொட்டி முடிந்துவிடுகிறது என்றால் அதைச் சிறிய விடயம் என்று எப்படிச் சொல்வது?

"ஒழுகினாலும் அது நம் நிலத்துக்குள்தானே போகிறது, திரும்பவும் கிணற்றுக்குத்தானே வரும்?" என்று சில சகோதரிகள் கேட்பார்கள். ஒரு பங்கு போகும் என்பது உண்மைதான். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் எப்படிப்பட்டது என்பதை அறிந்தால் அந்த ஆறுதல் நிலைக்காது.

இங்கே வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. அந்த நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் ஒரு படலமாக மிதக்கிறது. நல்ல தண்ணீரைவிடக் கடல் நீர் சுமார் நாற்பதில் ஒரு பங்கு பாரம் கூடியது. ஆகவே கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது, நூறு வருடங்களுக்கு முன்பே ஐரோப்பியப் பொறியியலாளர்கள் கண்ட பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏற இடமிருக்கிறது என்று பாருங்கள். ஒழுகும் தாங்கிக்காக ஒரு நாளில் இரண்டு தடவை மோட்டர் ஓடினால், கிணறு இரண்டு தடவை இறைபடுகிறது. திரும்பி இறங்கும் தண்ணீரோ மலசலகூடக் குழியையும் குப்பையையும் கழுவிக்கொண்டு அதே வெடிப்புகள் வழியாகவே இறங்கும்.

நல்ல கிணறு எவ்வளவு அருமையானது என்பதைச் சுன்னாகம் மக்களிடம் கேளுங்கள். அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது. தீவகத்தில் பவுசர் வரும் நாளைப் பார்த்திருந்து குடம் நிரப்பும் தாய்மாரும் சொல்வார்கள். கடல் நீரைக் குடிநீராக்கும் நிலையம் தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் எடுக்கக்கூடியது அது. உப்பைப் பிரித்தெடுக்க எவ்வளவு பணமும் மின்சாரமும் வேண்டும்! அப்படி வந்த தண்ணீரையும் தாங்கியடியில் சிந்தவிடலாமா?

நம் சமூகத்துக்கு இதில் இன்னொரு சிரமமும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் பூட்டிய வீடுகள் நீண்ட காலம் கிடந்தன. யுத்தம் 2009இல் முடிந்த பின் திரும்பியவர்கள் பலர் சிதைந்த வீடுகளைத்தான் கண்டார்கள். தண்ணீர் இல்லாமல் வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த சீமெந்துத் தாங்கியில் மயிரிழை வெடிப்புகள் விழும். வெள்ளை பூசியதும் தாங்கி புதிதுபோலத் தெரியும். தண்ணீர் நிரம்பிய பிறகுதான் குறை வெளிப்படும்.

எங்கே ஒழுகுகிறது?

ஒழுக்கைக் கண்டுபிடிக்கப் பணம் தேவையில்லை, இரண்டு இரவுகள் போதும்.

முதல் இரவு தாங்கியை நிரப்பி மோட்டரை நிறுத்திவிடுங்கள். தாங்கியிலிருந்து வீட்டுக்கு இறங்கும் குழாயில், தாங்கிக்கு அருகில் உள்ள கேட் வால்வை இறுக மூடுங்கள். சுத்தமான ஒரு கம்பைத் தாங்கியின் அடிவரை விட்டு, தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டு வையுங்கள். ஸுபஹுக்குப் பின் அதே இடத்தில் அதே கம்பை விட்டுப் பாருங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் குறை தாங்கியில் அல்லது அதனோடு சேர்ந்த மூட்டில் இருக்கிறது. ஒரு மீற்றர் அகலமுள்ள வட்டத் தாங்கியில் ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் போனது ஏறக்குறைய 8 லீற்றர்.

தண்ணீர் இறங்காவிட்டால், இரண்டாம் இரவு கேட் வால்வைத் திறந்துவிட்டு வீட்டுக் குழாய்கள் எல்லாவற்றையும் மூடி, அதே விதமாக அளவெடுங்கள். இப்போது இறங்கினால் குறை கீழே, குழாய் வழியில். முதலில் மலசலகூடச் சிஸ்டனைப் பாருங்கள். அதன் தண்ணீரில் கேக்குக்குப் போடும் கலரிங் சில துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் பாவிக்காமல் வையுங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் ஒழுக்கு அங்கேதான். மீற்றர் பூட்டிய குழாய்த் தண்ணீர் உள்ள வீட்டில் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீற்றரைப் பாருங்கள். தாங்கி நிரம்பி உள்வரும் தண்ணீர் நின்ற பிறகும் முள் சுற்றினால் எங்கோ போகிறது என்று பொருள்.

சில வீடுகளில் கிணற்றுக் குழாய் தாங்கியின் அடிப்பக்கத்தால் ஏறும். அங்கே கிணற்றுக்குள் இருக்கும் பூட் வால்வு பழுதானால் ஏற்றிய தண்ணீர் இரவில் சத்தமில்லாமல் கிணற்றுக்கே இறங்கிவிடும். சுவரில் ஒரு சொட்டு ஈரமும் இராது. தாங்கி மட்டும் குறைந்திருக்கும்.

குறை தாங்கியில்தான் என்று தெரிந்தால், கண்ணாலும் கையாலும் தேடுங்கள். நம் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்தலின் அடியில் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளைப் படை தாங்கியின் மூட்டில் அல்லது சுவரில் கோடாக இறங்கியிருந்தால், தண்ணீர் கசிந்து காய்ந்த இடம் அதுதான். பாசி பிடித்த இடம், கோடையிலும் பச்சையாக நிற்கும் புல் ஆகியவையும் சாட்சிகள். சந்தேகமான மூட்டைத் துணியால் துடைத்துவிட்டு டிசூத் தாளைச் சுற்றிப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவையும் தாள் காட்டும். தண்ணீர் கீழ்நோக்கி ஓடும் என்பதால், சொட்டும் இடத்தை விட்டு அதற்கு மேலே தேடுங்கள். நிரம்பி வழியும் குழாயையும் மறக்க வேண்டாம். மிதவைப் பந்து சரியாக மூடாவிட்டால் அதன் வழியே ஓடிக்கொண்டிருக்கும்.

ஐரோப்பாவில் உள்ள நம் உறவினர் சிலர் விடுமுறையில், அடுப்பும் படுக்கையும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்திய வான்களில் பயணம் போகிறார்கள். அவர்களுக்கும் வழி இதுவே. அங்கே குழாய் எல்லாம் மூடியிருக்கும்போது சிறிய பம்பி தானாக ஓடினால், பம்பிக்கு அப்பால் ஒழுக்கு இருக்கலாம். பம்பியை நிறுத்திய பிறகும் தாங்கி குறைந்தால் தாங்கியில் அல்லது அதன் மூட்டில் பார்க்க வேண்டும். ஓட்டத்தில் குலுங்கிக் குலுங்கி மூட்டுகள் தளர்வதே அங்கு பெரும்பாலும் காரணம். நம் ஊரில் சிறு லொறியில் தாங்கி ஏற்றித் தண்ணீர் கொண்டுபோகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

எப்படி அடைப்பது?

பெரும்பாலான ஒழுக்குகள் குழாய் தாங்கியை விட்டு வெளியேறும் மூட்டில்தான். தண்ணீரை வாளிகளில் எடுத்து வைத்துவிட்டு, மூட்டைக் கழற்றி, இறுகிப்போன றப்பர் வாசரை மாற்றச் சொல்லுங்கள். புரியில் வெள்ளை டேப்பைப் புரி இறுகும் பக்கமாகவே சுற்ற வேண்டும். கையால் இறுக்கிய பின் சாவியால் இன்னும் சிறிது இறுக்கினால் போதும். பலத்தையெல்லாம் காட்டினால் பிளாஸ்டிக் புரி வெடித்து, சிறிய ஒழுக்கு பெரிதாகிவிடும்.

பிளாஸ்டிக் தாங்கியின் உடம்பே வெடித்திருந்தால் சாதாரணப் பசை அதில் நிலைத்து ஒட்டாது. அதே வகைப் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம். அடியில் நீளமாக வெடித்தால் மாற்றுவதே நல்லது. புதியதை வைக்கும் முன் பீடத்தைப் பாருங்கள். ஆயிரம் லீற்றர் தண்ணீர் ஆயிரம் கிலோ. அடிப்பாகம் முழுவதும் சமமாகப் படியாமல் நாலு கல்லின் மேல் நின்றால் அதுவும் வெடிக்கும்.

சீமெந்துத் தாங்கியில் ஈரக் கோட்டைப் பென்சிலால் குறித்து, தண்ணீரை வடித்து, வெடிப்பை உளியால் சற்று அகலமாக வெட்டி, தூசு போகத் துலக்கி நனைத்து, தண்ணீர் புகாத கலவை சேர்த்த சீமெந்தால் மேசன் நிரப்ப வேண்டும். பின்பு ஒரு வாரம் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். தாங்கிக்குள் பூசும் எதுவும் குடிநீருக்கு ஏற்றதா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். தாரும் படகுக்குப் பூசும் பெயின்டும் வேண்டவே வேண்டாம்.

திருத்திய தாங்கியைக் கழுவி நிரப்பி, 1,000 லீற்றருக்குச் சுமார் 150 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்றி, ஓர் இரவு வைத்து, முழுவதையும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். வடிக்கும்வரை யாரும் அதைக் குடிக்கவோ பாவிக்கவோ கூடாது. ஐயமிருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

சுத்தமும் பாதுகாப்பும்

நிலத்துக்குள் கட்டிய தாங்கியில் ஒழுக்கு இருவழிப் பாதை. தண்ணீர் வெளியே போகும் வெடிப்பால், மழைக்காலத்தில் வெளியழுக்கு உள்ளே வரும். நமது ஷாபிஈ மத்ஹபில் இரண்டு குல்லத் அளவுள்ள தண்ணீர், நஜீஸ் கலந்து அதன் நிறமோ சுவையோ மணமோ மாறாத வரை சுத்தமானதே. அதற்குக் குறைந்தால் நஜீஸ் பட்டதுமே அசுத்தமாகிவிடும். இரண்டு குல்லத் என்பது 200 லீற்றருக்குச் சற்றுக் கூடக்குறைய. கணக்கில் அறிஞர்களிடையே சிறு வித்தியாசம் உண்டு. நிறைந்திருந்த தாங்கி ஒழுகி ஒழுகி அந்த அளவுக்குக் கீழே இறங்கினால், தண்ணீரோடு அதன் பாதுகாப்பும் குறைகிறது. அருகில் மலசலகூடக் குழி இருந்தால் மருத்துவரும் இதே கவலையைத்தான் சொல்வார்.

மோட்டரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். நீண்ட உடையோடு ஏணியில் ஏறாதீர்கள். அளவுகோலை மகனிடம் கொடுத்து, நீங்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூடிக்கிடந்த நிலத்தடித் தாங்கிக்குள் யாரையும் தனியே இறங்க விடாதீர்கள். உள்ளே நல்ல காற்று இல்லாமல் உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. வேலை முடிந்ததும் மூடியைப் பூட்ட மறவாதீர்கள், பிள்ளைகள் உள்ள வீடு.

அடுத்த மோட்டர் போடும் நேரத்தைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கடுத்ததையும் குறியுங்கள். ஒரு வாரக் குறிப்பே உங்கள் தாங்கியின் நிலையைச் சொல்லிவிடும். குறை தெரிந்தால், முதல் இரவுச் சோதனையை இந்த வெள்ளி இரவே தொடங்குங்கள்.