வாய்க்கால் இல்லா வயல்

அடுக்களையில் எண்ணெய் தெறித்துக் கையில் கொப்புளம் எழுந்தால், சில நாள்களில் அது ஆறிப் புதுத் தோல் படர்ந்துவிடுகிறது. உடலின் பெரும்பகுதி வெந்துபோனவருக்கோ அந்தப் பேறு இல்லை. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டலாமென்றால், எடுப்பதற்கே தோல் இராது. ஆதலின், தோலை வெளியே வளர்த்துத் தரலாகாதா என்னும் வினா எழுந்தது.

1975-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோவர்டு கிரீனும் ஜேம்ஸ் ரைன்வால்டும் மனிதரின் மேல்தோல் அணுக்களைக் கலத்திலிட்டுப் பெருக்கும் வழியைக் கண்டனர். அவ்வழியில் வளர்ந்த தோலேடுகள் பின்னர் உயிர்கள் பலவற்றைக் காத்தன. எனினும் அவை மெல்லியவை, எளிதில் கிழிபவை. அடித்தோலும் சேர்ந்த தடித்த தோலை வளர்த்தாலோ, வேறோர் இடர் குறுக்கிட்டது.

நாற்று எத்துணைச் செழுமையாயினும் வாய்க்கால் நீர் எட்டாவிடில் கருகும் அன்றோ? தோலும் அத்தகையதே. இரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு அப்பாலுள்ள அணுக்களுக்குப் பிராணவாயு போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஒட்டிய தோல் முதற் சில நாள்கள் புண்ணில் கசியும் நீரைக் கொண்டே பிழைக்கிறது. அதற்குள் குருதி வந்து சேராவிடில் மடிகிறது.

ஆகவே, தோலோடு வாய்க்காலையும் சேர்த்தே வளர்க்க அறிஞர் முற்பட்டனர். 2019-இல் நியூயார்க் மாநிலத்து ரென்சலேர் பல்தொழில்நுட்பக் கழகத்தில் பங்கஜ் கரண்டேயின் குழுவினர், யேல் பல்கலைக்கழகத்தாருடன் கூடி, இரத்தக் குழாயின் உட்சுவராகும் அணுக்களையும் அதனைத் தழுவித் தாங்கும் அணுக்களையும் தோல் அணுக்களோடு சேர்த்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தால் அடுக்கடுக்காக அச்சிட்டனர். சில வாரங்களில் அவ்வணுக்கள் தாமே ஒன்றையொன்று பற்றிக் குழாய் வலையாயின. சுண்டெலியின்மேல் ஒட்டியபோது, எலியின் குழாய்கள் அவற்றோடு இணைந்தன; குருதி பாய்ந்தது!

எலி வேறு, மனிதர் வேறு. பிறர் அணுக்களாலான குழாய்களை நோயாளியின் உடல் பகையென்றே தாக்கும். அப்பகையைத் தணிக்க அணுக்களின் மரபுக்கூறுகளைத் திருத்தவேண்டும். வழி நெடிது.

அதுவரை தீப்புண்ணாளருக்குத் துணை, இறந்தோர் ஈந்த தோலே. அது நிலைத்து ஒட்டாது. ஆயினும் சில வாரங்கள் புண்ணை மூடி உயிர் காக்கும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும். ஊர்விட்டு வந்து வாழும் நாம், இந்நகரில் தோல் வங்கி எங்குள்ளதென்று இன்றே கேட்டறிந்து, வீட்டாரிடம் நம் விருப்பத்தைச் சொல்லி வைப்போமாக.