இயந்திரங் காட்டும் வழியும் மனிதர் மதியும்

அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில், ஆபத்துக் காலத்திற் செய்ய வேண்டுவனவற்றை வரிசையாகக் கூறும் கையேடுகள் உண்டு. முன்னாளிற் காகிதத்தில் இருந்த இவை இப்பொழுது பலவிடங்களிற் கணினித் திரைக்கு ஏறி வருகின்றன. பிரான்ஸ் தேசத்தில் ஷோ, சிவோ என்னும் ஊர்களில் 1990-களில் இயங்கத் தொடங்கிய உலைகள் முதலிலிருந்தே இம்முறையைக் கைக்கொண்டன. கையேடு கணினியில் ஏறிவிட்டால் மனிதர் பிழை ஒழிந்துபோம் என்பார் சிலர். அது முற்றும் பொருந்தாதென்பதே நம் துணிபு.

1979-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் தேதி வைகறையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள திரீ மைல் ஐலண்டு நிலையத்தின் இரண்டாம் உலையில், அழுத்தந் தணிக்கத் திறந்த வால்வு ஒன்று மீண்டும் மூடாது நின்றுவிட்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. அறையிலிருந்த விளக்கோ, வால்வு மூடிவிட்டதென எண்ணும்படி செய்தது. காரணம் யாதெனின், அவ்விளக்கு வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. மூடும்படி கட்டளை சென்றதை மட்டுமே காட்டிற்று. நூற்றுக்கு மேற்பட்ட அபாய அறிவிப்புக்கள் எழுந்தன. அவற்றை அச்சிட்ட பொறி இரண்டு மணி நேரத்திற்கு மேற் பின்தங்கிற்று. நீர் மிகுந்துவிட்டதென மயங்கிய ஊழியர், தானே பாய்ந்த அவசர நீரையும் குறைத்துவிட்டனர். முடிவில், உலையின் உட்கருவிற் பாதியளவு உருகிற்று.

இதனை ஆராய்ந்த குழுவின் தலைவர் ஜான் கெமனி என்பார். பேசிக் என்னும் கணினி மொழியை ஆக்கிய இருவருள் ஒருவராகிய அவர், கணினியின் பெருமை அறியாதவரல்லர். எனினும் குழுவின் அறிக்கை, அடிப்படைக் குறை கருவிகளைச் சார்ந்ததன்று, மனிதரைச் சார்ந்ததென்றே கூறிற்று. ஊழியரை மட்டும் அது குறை கூறவில்லை. பயிற்சி, கையேடு, அறையின் அமைப்பு, நிர்வாகம் ஆகியவற்றின் குறைகளையும் எடுத்துக்காட்டிற்று.

நிற்க, கணினிக் கையேட்டால் நன்மை இல்லையென்று நாம் கூறோம். எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை அது மறவாது. வேண்டிய அளவுகளைத் தேடியெடுத்துக் கண்முன் வைக்கும். ஆயினும் கருவி பொய் சொன்னால், அதனை நம்பிய கணினியும் பொய் வழியே காட்டும். திரையில் ஒரு படியை மட்டும் பார்த்திருப்பவர் நிலையம் முழுவதையும் காணாது போவர். ஒருவர் திரையில் நடப்பதை அருகிலிருப்பவர் அறியாவிடின், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தவும் இயலாது.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கணினி, தான் கூறும் முடிவுக்குரிய சான்றையும் உடன் காட்டுக. அடுத்த படிக்குச் செல்லும் அதிகாரம் மனிதரிடமே நிற்க. திரை இருண்டுபோம் நாளுக்கென்று காகிதக் கையேடு அருகிலிருப்பதோடு, அதைக்கொண்டு பழகும் பயிற்சியும் இடையறாது நடைபெறுக.

கல்லூரியை விட்டுப் பொறியியல் துறை புகும் நம் மாணவர் பலர், நாளை இத்தகைய அறைகளை அமைப்போராகவும் ஆளுவோராகவும் இருத்தல் கூடும். அவர்கள் இயந்திரத்தைக் கற்பது போலவே, நள்ளிரவில் அயர்ந்த கண்ணுடன் அதன்முன் அமர்ந்திருக்கும் மனிதனையுங் கற்பாராக.