கடைக்கு இரண்டு பூட்டு, கணக்குக்கு ஒன்றா?

2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தோர், ஊழியரின் கடவுச்சொற்களைத் திருடி, நியூயோர்க்கிலிருந்த அதன் கணக்கிலிருந்து 951 மில்லியன் டொலரைக் களவாட முயன்றனர். அதில் 20 மில்லியன் எமது நாட்டுக் கணக்கொன்றுக்கு அனுப்பப்பட்டது. பெறுநரின் பெயரிலிருந்த எழுத்துப் பிழையால் இடைவழி வங்கி சந்தேகித்தது, அப்பணம் தப்பியது. பிலிப்பைன்ஸுக்குச் சென்ற 81 மில்லியன் கைநழுவியது.

மத்திய வங்கிக்கே இந்நிலை என்றால் குண்டசாலை, திகன வர்த்தகர்களின் நிலை என்ன? முதலாளியின் கடவுச்சொல் காசாளருக்கும் தெரியும், கடைப் பையனுக்கும் தெரியும். அது வெளியே போனால், எமது மின்னஞ்சலிலிருந்தே வாடிக்கையாளருக்கு, "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதியதில் பணம் போடுங்கள்" என்று எவரும் எழுதலாம்.

இதற்குத் தடை இரண்டடுக்குச் சரிபார்ப்பு. கடவுச்சொல்லுக்குப் பின், உரியவரின் கையடக்கத் தொலைபேசியில் தோன்றும் இலக்கத்தையும் அது கேட்கும். மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டாவது பூட்டுக்குச் செலவேதுமில்லை. ஊழியருக்குத் தனித்தனிக் கணக்குக் கொடுங்கள். விலகியவரின் கணக்கை அன்றே மூடுங்கள். வங்கியிலிருந்து பேசுவதாக யார் கேட்டாலும் அந்த இலக்கத்தைச் சொல்லாதீர்கள்.

வேலை தாமதமாகும் என்போர் உண்டு. கடைக் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போடவும் நேரம் எடுக்கத்தான் செய்கிறது. எழுத்துப் பிழை எப்போதும் காப்பாற்றாது.