காரில் ஒரு தீயணைப்பான்

சென்ற தை மாதத்தில் கல்யாணப் பட்டு எடுக்கவென்று தேசூருக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவர்கள் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் மட்டும் தரையோடு தரையாகப் படிந்திருந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். இரண்டே இருக்கைகள், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். தெருவில் பாவு போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். எங்களில் ஒருவர் அவரிடம் தீயணைப்பானை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "இதுல அதுக்கு ஏதுங்க இடம்? இவ்வளவு வெல குடுத்து வாங்கின வண்டி தீப்பிடிக்குமா?" என்று சிரித்தார் அவர்.

சிரிப்பில் அகந்தை எதுவும் இல்லை; உண்மையான நம்பிக்கைதான் இருந்தது. விலை உயர உயர ஆபத்து குறையும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். இந்த விஷயத்தில் அந்த நம்பிக்கை செல்லாது என்பதே எங்கள் கட்சி.

2010இல் ஃபெராரி நிறுவனம் தன் 458 இத்தாலியா கார்கள் 1,248ஐத் திரும்ப அழைத்தது. சக்கர வளைவில் வெப்பத்தடுப்புத் தகட்டை ஒட்டியிருந்த பசை, சூடேறித் தீப்பற்றக்கூடும் என்று தெரியவந்ததே காரணம். 2014இல் போர்ஷே நிறுவனம் 911 ஜிடி3 கார்கள் 785க்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தது. உள்ளே ஒரு திருகு தளர்ந்து எஞ்சின் உடைய, சிந்திய எண்ணெய் பற்றிக்கொண்டது. ஒன்றில் பசை, மற்றொன்றில் திருகு. மலிவான வண்டியானாலும் விலையுயர்ந்த வண்டியானாலும் தீ இப்படிப்பட்ட அற்பப் பொருளில்தான் தொடங்குகிறது. எஞ்சினும் புகைபோக்கியும் எண்ணெய்க் குழாய்களும் சிறிய இடத்தில் நெருக்கி அடைக்கப்பட்டிருக்கும் வண்டியில் சூடு போக வழி குறைவு. எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுபவருக்குத் தீ கண்ணில் படுவதும் தாமதம்.

பந்தயக்காரர்களுக்கு இது பழைய பாடம். சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறியதைப் பார்த்தவர்கள் எங்களில் உண்டு. 1990க்குப் பிறகு அந்தக் கூட்டம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போயிற்று. பந்தயக் கார்களின் உடலில் வெள்ளை வட்டத்துக்குள் சிவப்பாக ஆங்கில 'ஈ' எழுத்து ஒன்று இருக்கும். உள்ளே பொருத்தியிருக்கும் தீயணைப்பானை வெளியிலிருந்து இயக்கும் பிடி அங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. அதே கார் சாலைக்கு வரும்போது பிடியும் இல்லை, சிலிண்டரும் இல்லை. சொந்தக் காருக்கு நம் நாட்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கவும் இல்லை.

தீயணைப்பான் சர்வரோக நிவாரணி அல்ல என்பதையும் பந்தயங்களே சொல்லித் தந்தன. 1973 ஜூலை 29 அன்று ஹாலந்தின் சாண்ட்வூர்ட்டில் ரோஜர் வில்லியம்சனின் கார் கவிழ்ந்து எரிந்தது. சக ஓட்டுநர் டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடிப்போய், கவிழ்ந்த காரைத் தனியாளாகப் புரட்டப் பார்த்தார். கையில் கிடைத்த ஒரே ஒரு சிலிண்டரை முழுவதும் பீய்ச்சினார். அது தீர்ந்துபோயிற்று, தீ தீரவில்லை. மற்றவர்கள் எரியும் வண்டியைக் கடந்து ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். வில்லியம்சன் இறந்தார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1977 மார்ச் 5 அன்று, தென்னாப்பிரிக்காவின் கயலாமியில் நடந்தது இன்னும் கொடியது. நின்றுபோன காரொன்றில் சிறு தீ. அதை அணைக்க 19 வயது ஊழியர் ஃபிரெடரிக் யான்சன் வான் வூரன் ஏறக்குறைய 18 கிலோ எடையுள்ள சிலிண்டரோடு ஓடுதளத்தின் குறுக்கே ஓடினார். வேகமாக வந்த டாம் பிரைஸின் கார் அவர்மீது மோதியது. சிலிண்டர் பிரைஸின் தலையைத் தாக்கியது. இருவருமே அங்கேயே மாண்டார்கள். காக்க வந்த பொருளும் வேகத்தின் முன்னால் வெறும் இரும்பு எடைதான்.

ஆகவே, வாங்கி இருக்கைக்குப் பின்னால் உருட்டிப் போட்டுவைப்பதைவிட வாங்காமலிருப்பதே மேல். இடமில்லை என்ற வாதத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஒரு கிலோ சிலிண்டர் ஏறத்தாழ ஒரு தண்ணீர்ப் புட்டியின் பருமன்தான். இருக்கையின் முன்விளிம்புக்குக் கீழே, உலோகப் பிடியில், திருகு முடுக்கிப் பொருத்தலாம். உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பொடி அடியில் இறுகிவிடாமல் அவ்வப்போது தலைகீழாகக் குலுக்கிவைக்க வேண்டும்.

பொடி பட்டால் எஞ்சின் வீணாகும் என்று தயங்குபவர்கள் உண்டு. உண்மைதான், அது உலோகத்தை அரிக்கும். கறை விடாத வாயு வகைகள் கிடைக்கின்றன, விலைதான் அதிகம். ஆனால் இந்தத் தயக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. சிறிய சிலிண்டர் பத்து விநாடியளவு பீய்ச்சும், அவ்வளவே. அந்தப் பத்து விநாடி காருக்காக அல்ல. பக்கத்து இருக்கையில் சிக்கிக்கொண்ட பெல்ட்டை அவிழ்ப்பதற்காக. எஞ்சின் மூடியை முழுதாகத் திறந்தால் காற்றுப் புகுந்து தீ வளரும். இடுக்கு வழியாக, தீயின் அடிப்பகுதியைப் பார்த்து அடிக்க வேண்டும். அணையவில்லையென்றால் போட்டுவிட்டு ஓட வேண்டும். மின்சாரக் காரின் பேட்டரி பற்றிக்கொண்டால் முயற்சியே வேண்டாம், விலகிப் போவதுதான் வழி.

வாகனத் தீ எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 2011 ஜூனில் காவேரிப்பாக்கம் அருகே ஆம்னி பேருந்து ஒன்று எரிந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற முடியாமல் மாண்டார்கள். வெளியே வரக் கிடைக்கும் சில விநாடிகளின் மதிப்பை நாங்கள் அன்றே தெரிந்துகொண்டோம்.

அன்று புடவை எடுத்து முடித்தபின் தறிக்காரர் வழக்கம்போல் ஓர் இழையைக் கொளுத்திக் காட்டினார். உண்மையான பட்டு முடி கருகும் வாசனையோடு சுருண்டு, தானே அணைந்துபோகும். செயற்கை இழை உருகிச் சொட்டும். கார்க்காரர் குனிந்து ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, உங்க வண்டி சீட்டு எந்த எழையில நெஞ்சது?" என்று தறிக்காரர் கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.