நெடுஞ்சாலையை மறைத்த வயல் புழுதி: மட்டமான நிலம் ஏன் ஆபத்து?

2023 மே 1. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாகாணத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு நகருக்குத் தெற்கே ஐ-55 நெடுஞ்சாலை. திடீரென எதிரே எதுவுமே தெரியவில்லை. அடுத்தடுத்து 72 வாகனங்கள் சிக்கின. குறைந்தது 7 பேர் உயிரிழந்தனர். கண்ணை மறைத்தது பனிமூட்டம் இல்லை. பக்கத்தில் உழுதுபோட்ட வயல்களிலிருந்து கிளம்பிய புழுதி!

மண் எப்படிப் பறக்கிறது?

காற்று பலமானதும் முதலில் கிளம்புவது நுண்தூசி இல்லை. சுமார் 0.1 முதல் 0.5 மி.மீ. அளவுள்ள மணல் துகள்கள்தான். இவை தரையை ஒட்டித் தத்தித் தத்தி ஓடும். விழும் இடத்திலெல்லாம் மோதி, ஒட்டிக்கிடக்கும் தூசியைக் கிளப்பிவிடும். அந்தத் தூசிதான் மேலெழுந்து சாலையை மறைக்கிறது.

நிலத்தின் வடிவத்துக்கு இதில் என்ன வேலை?

விதைப்புக்காக மண்ணைப் பொடியாக்கி மட்டமாக வைத்தால், தத்தும் துகளுக்கு ஓடுதளம் போட்டுக் கொடுத்த மாதிரி. வயல் நீள நீள, பறக்கும் மண்ணும் கூடிக்கொண்டே போகும்.

பாரும் மண்கட்டியும் இருந்தால் கதையே வேறு. தரையை ஒட்டிய காற்றின் வேகம் குறையும். ஓடிவரும் துகள் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்ளும்.

அப்போ பார் போட்டால் போதுமா?

போதாது. பார் காற்றுக்குக் குறுக்கே இருக்கணும். காற்றடிக்கும் திசையிலேயே இருந்தால், காற்றுக்கு வழிவிட்ட கதைதான். ரொம்ப உயரமாகவும் இருக்கக் கூடாது. உச்சியில் காற்று வேகமெடுத்து அங்கிருந்தே மண்ணை அள்ளும்.

மணற்பாங்கான நிலத்தில் கட்டி நிற்காது. மற்ற நிலத்திலும் ஒரு பெருமழை போதும், எல்லாம் கரைந்து மட்டமாகிவிடும். மறுபடி மறுபடி உழுதால் ஈரமும் போய் மண் பொடியாகும். அதனால் பார் அவசர மருந்து மட்டுமே.

நிரந்தரத் தீர்வு என்ன?

அறுவடை முடிந்ததும் தட்டையை வயலிலேயே விடுவது, உழாமல் விதைப்பது, ஓரத்தில் மரவேலி வளர்ப்பது. மண்ணை மூடி வைப்பதுதான் விஷயம்.

1935 ஏப்ரல் 14-ல் அமெரிக்கச் சமவெளிகளை இருட்டாக்கிய 'கறுப்பு ஞாயிறு' புழுதிப்புயலுக்குப் பிறகு, அதே மாதத்தில் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 90 ஆண்டுகள் கழித்து, 2025 மே 16-ல் சிகாகோ நகருக்கே புழுதிப்புயல் எச்சரிக்கை விடுக்க வேண்டியிருந்தது. பறந்துபோவது சத்துள்ள மேல்மண். விவசாயிக்கு விளைச்சல் நஷ்டம். அந்த வழியாகப் போகிறவர்களுக்கு உயிர் ஆபத்து.