கோடையும் அடைக்கோழியும்

ஏப்பிரல் மாதம் 5ஆந் திகதி தொடக்கம் 15ஆந் திகதி வரையுஞ் சூரியன் இலங்கைத் தீவுக்கு நேர்மேலே உச்சங் கொடுப்பதைப் புவியியல் பயிலும் மாணவர் அறிவர். தென்முனையில் தொடங்கிச் சித்திரை பிறக்கும் நாளளவிற் பருத்தித்துறையை எட்டும் அவ்வெயிலின் கடுமை, சோளகக் காற்று எழும்பும்வரை வடபகுதியில் எளிதில் தணிவதில்லை. நமக்குக் குடையுண்டு, விசிறியுண்டு, திண்ணையுண்டு. வளவிலே வளரும் கோழிக்கும் தாராவுக்கும் நாம் அமைத்துக் கொடுப்பதே நிழல்; நாம் வைப்பதே தண்ணீர். ஓருயிரைக் கூட்டில் அடைத்த அன்றே அதன் நலத்துக்கு நாம் பொறுப்பாளிகளாகிவிட்டோம் என்பதை நினைவிற் கொண்டே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41 பாகை செல்சியசு அளவில் இருப்பது. வெயில் ஏறியதும் அது வாயைத் திறந்து இளைப்பதும், சிறகுகளை உடலினின்றும் அகற்றி நிற்பதும் சோம்பலால் அன்று. மூச்சோடு ஈரத்தை ஆவியாக்கியும், இறகடர்த்தி குறைந்த இடங்களிற் காற்றுப் படவிட்டும் வெப்பத்தைக் கழிக்கின்றது. கொண்டையும் தாடியும் கால்களும் அதற்கு உதவுவன. இம்முயற்சி பலியாதபோது கோழி தள்ளாடி விழும். அவ்வேளையில் அதனை நிழலுக்கு எடுத்துச் சென்று, கால்களைக் குளிர்ந்த கிணற்று நீரில் நிறுத்தி, சிறகின் கீழே நீர் தடவி, தானாகக் குடிக்குமாறு தண்ணீரை அருகில் வைத்தல் வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் கூடாது.

விழுந்தபின் எடுப்பதிலும் விழாமற் காப்பது நன்று. முன்னாளிற் கோழிக்கூடு கிடுகினால் வேயப்பட்டிருந்தது. இன்று பல வீடுகளிற் கூட்டின் மேலே இருப்பது தகரம். நண்பகலில் அதனடியில் நம்மாற் கையை வைத்திருக்கவும் இயலாது. தகரத்தை அகற்ற முடியாதவர்கள் அதன்மேற் கிடுகையோ பனையோலையையோ கனமாகப் பரப்பலாம். கூட்டின் இருபுறமும் வலையடித்துக் காற்றோட்டம் விடுதல் அவசியம். வெளியே கூரையிலும் நிலத்திலும் நீர் தெளிக்கலாம். காற்றுப் புகாத கூட்டினுள்ளே தெளித்தால் உட்காற்று ஈரமாகி, இளைப்பினால் வெப்பங் கழிவது தடைப்படும். தண்ணீரை வேம்பின் நிழலில் மண்சட்டியில் வைத்து, நண்பகலில் ஒருமுறை மாற்றுக. இரை சமிக்கும்போது உடலில் வெப்பம் பிறக்குமாதலால், தவிடும் தானியமும் விடியற்காலையிலும் பொழுது சாயும் வேளையிலும் போடுவதே தகும்.

கோடையில் முட்டையோடு மெலிந்து போவதைத் தாய்மார் பலர் கண்டிருப்பர். கோழி இடைவிடாது இளைக்கும்போது குருதியிலுள்ள காபனீரொட்சைட்டு அளவுக்கு மிஞ்சி வெளியேறுகிறது. ஓடு பெரும்பாலும் கல்சியங் காபனேற்றினால் ஆனது. அதனை ஆக்கும் மூலப்பொருள் குருதியிற் குறைவதால் ஓடு வலுவிழக்கின்றது. வெயிலில் இரையெடுப்பது குறைவதும் ஒரு காரணமாகும். கடற்கரைச் சிப்பியை இடித்து ஒரு சிரட்டையிற் போட்டுவைத்தாற் கோழி தனக்கு வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். ஆயினும் முதல் மருந்து நிழலே.

இனி அடையைப் பற்றிக் கூறுவோம். அடை வைக்கும் முட்டைகளைச் சேர்த்து வைப்பதிலேதான் கோடையிற் பலர் இழப்படைகின்றனர். 25 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்திற் கரு மெல்ல வளரத் தொடங்கும். முழு வளர்ச்சிக்கு வேண்டிய ஏறக்குறைய 37½ பாகை அதற்குக் கிடைப்பதில்லை. உறங்கவும் இயலாது வளரவும் இயலாது அக்கரு வலிமை குன்றி மடியும். பின்னர் 21 நாட் காத்திருந்து கூழ்முட்டை என்று கோழியைக் கடிந்து பயனென்ன? ஈரமணலிற் பாதி புதைத்த சட்டியில், உலர்ந்த தவிட்டின்மேற் கூர்முனை கீழாக முட்டைகளை வைத்து, நான்கைந்து நாட்களுக்குள் அடையில் வைத்துவிடுக. நாட்டுப் பேடு ஒன்றுக்குப் பத்து முட்டை போதும். பதினைந்து வைத்தால் விளிம்பில் உள்ளவை மாறி மாறிக் குளிர்ந்து, நல்லனவும் கெடும். ஏழாம் நாள் இரவில் மின்சூள் வெளிச்சத்திற் பார்த்தால், உயிருள்ள முட்டையிற் செந்நரம்புகள் சிலந்திபோலப் படர்ந்திருக்கும்; தெளிவாகத் தோன்றுவனவற்றை அகற்றிவிடலாம்.

அடைக்கோழி ஒருநாளில் ஏறக்குறைய கால்மணி நேரமே எழுந்து திரியும். எஞ்சிய பொழுதெல்லாம், வெயில் எரித்தாலும், அது இடம்விட்டு அசைவதில்லை. மற்றக் கோழி நிழல் தேடி ஓடும். இதுவோ முட்டையின்மேற் கிடந்து இளைத்துக் கிடந்தவாறே உயிர் விடுதலும் உண்டு. அதனுடைய உறுதியை நம்பி நாம் கவலையின்றியிருத்தல் முறையன்று; அவ்வுறுதியே அதற்கு ஆபத்தாதலால் நமது கவனம் இருமடங்காதல் வேண்டும். அடைப்பெட்டியைத் தகரத்தின் அருகே வையாது, மண்தரையில், நாளின் எந்நேரமும் வெயில் படாத மூலையில் வைக்க. வைக்கோலின் அடியில் ஈரமண் இருந்தால் நன்று. இரவிற் குருதி குடிக்குஞ் சிற்றுண்ணிகள் கோடையிற் பெருகி அடைக்கோழியை வாட்டும். பழைய வைக்கோலை எரித்து, பெட்டியின் இடுக்குகளைச் சுடுநீரினாற் கழுவி வெயிலிற் காயவிட்டு, அதன்பின் அடை வைத்தல் வேண்டும். அருகே சாம்பல் கலந்த மணற்குழி ஒன்று இருந்தால் எழும் வேளையில் அது புழுதி குளித்துக்கொள்ளும்.

தாரா வளர்ப்போருக்கும் சில சொல்வோம். நீந்தக் குளம் இல்லாவிடினும், மூக்குத்துளை மூழ்கும் ஆழத்தில் நீர் அதற்கு வேண்டும். அன்றேற் கண்ணும் மூக்கும் அழுக்கேறும். இரைக்குப் பக்கத்திலேயே நீர் இருத்தல் வேண்டும். தாரா பெரும்பாலும் விடியுமுன் முட்டையிடுமாதலால், காலை எட்டு மணிவரை அடைத்து வைத்தால் முட்டை பற்றைகளில் தொலையாது. முட்டைக்கெனவே வளர்க்கப்படும் தாரா இனங்கள் அடைகிடப்பது அரிது. அவற்றின் முட்டையைக் கோழிக்கு வைப்பதாயின் ஐந்தாறே போதும். 28 நாள் செல்லும். தாய்த்தாரா நனைந்த இறகோடு வந்து கொடுக்கும் ஈரத்தை நாமே இளஞ்சூட்டு நீர் தெளித்துக் கொடுத்தல் வேண்டும். அக்குஞ்சுகளை முதற் சில வாரங்கள் ஆழ்ந்த நீரில் விடலாகாது.

குஞ்சு பொரிக்கும் இறுதி மூன்று நாளும் முட்டையைத் தொடாதிருத்தல் நலம். முதலிற் பொரித்தவை பசித்திருக்குமே என்று தாயை எழுப்ப வேண்டாம். வெளிவருமுன் மஞ்சட் கருவின் மிகுதியைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்வதால், ஒருநாள், இரண்டு நாள் உணவின்றியும் தாங்கும். பிந்திப் பொரிக்கும் குஞ்சுக்காகவே தாய் காத்திருக்கிறது.

முட்டை விற்ற காசு நம் வீடுகளிற் பெரும்பாலும் தாய்மாரின் கைக்காசு. கொப்பி, பென்சில், பரீட்சைக் கட்டணம் என அது செல்லும் வழி நம் மாணவர் அறியாததன்று. அக்காசிற் படிக்கும் பிள்ளை, பாடசாலைக்குப் புறப்படுமுன் சட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பிவைக்கவும், வந்தவுடன் அடைக்கோழி நிழலில் இருக்கின்றதா என்று ஒருமுறை பார்க்கவும் கடமைப்பட்டுள்ளது. இரண்டும் ஐந்து நிமிட வேலையே. இக்கோடையில் அதனை நாடோறுஞ் செய்யுமாறு மாணவச் செல்வங்களை வேண்டுகின்றோம்.